கல்லும் கத்தியும் மக்களும்

மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டிவரும் நோய்களுள் கல்லடைப்பும் ஒன்று. சிறுநீரகத்திலே விளைந்த சிறு கல், மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமே உடைய சிறுநீர்க்குழாயில் இறங்கிச் சிக்கும்போது எழும் வேதனையை அனுபவித்தவரே அறிவர். அரசனையும் உழவனையும் இந்நோய் வேறுபாடின்றித் தாக்கியது. ஆனால் அதிலிருந்து மீளும் வழி இருவருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. வைத்தியனின் கத்தி படிப்படியாகச் சிறுத்து, இன்று கத்தியே இன்றிக் கல்லை உடைக்கும் நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது. இந்த வெற்றி யாருடைய உழைப்பால் விளைந்தது? யாருக்கு அது உரியது? இவ்விரு கேள்விகளையும் எழுப்பாமல் அவ்வரலாற்றைப் படிப்பது அரைகுறைப் படிப்பேயாகும்.

சிறுநீர்ப்பையில் தங்கிய கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விரிவாகக் கூறுகிறது. அறுக்காவிடிற் சாவு உறுதி, அறுத்தாலும் பிழைப்பது ஐயம்; ஆகவே உரியவரின் அனுமதி பெற்றபின்னரே கத்தியை எடுக்க வேண்டும் என்பது அந்நூலின் எச்சரிக்கை. கிரேக்க நாட்டு ஹிப்பொக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியோ, கல்லுக்காக அறுக்கும் வேலையை அதற்கெனவே உள்ளவரிடம் விட்டுவிடுமாறு வைத்தியனைப் பணித்தது. மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. நோயாளியைப் பலர் கூடிப் பிடித்துக்கொள்ள, அவன் அலறலின் நடுவே கத்தி வேலை செய்தது.

இந்நிலையை மாற்றும் முதற்பெரும் முயற்சி பாரிஸ் நகரில் நிகழ்ந்தது. 1824ஆம் ஆண்டு ஜான் சிவியால் என்னும் வைத்தியர், சிறுநீர் வழியாகவே ஒரு கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையினுள் இருந்த கல்லைத் துளைத்து உடைத்தார். வெளியே ஒரு கீறலும் இல்லை. சிவியால் அத்துடன் அமையவில்லை. இரு முறைகளிலும் இறந்தவர்களை எண்ணிக் கணக்கிட்டார். அறுத்தெடுத்தவிடத்து நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் இறந்தனர். உடைத்தெடுத்தவிடத்து ஏறத்தாழ இருவரே இறந்தனர். 1835இல் விஞ்ஞானக் கழகத்திலே இக்கணக்குப் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. வைத்தியன் பார்ப்பது தனி மனிதனை, அவனை எண்ணாக்கலாகாது என்று வாதித்தோர் உண்டு. எனினும், எண்ணப்படாத சாவுகளுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை என்பதை நம் நாட்டு ஏழை மக்கள் அனுபவத்தில் அறிவர்.

சிறுநீர்ப்பைக் கல்லுக்கு வழி பிறந்தும், மேலே சிறுநீர்க்குழாயிற் சிக்கிய கல்லுக்கு விடிவு வரவில்லை. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள அக்குழாய் முதுகுப்புறத்தின் ஆழத்தில் மறைந்து கிடக்கிறது. தானாக வெளியேறாத கல்லை எடுக்க விலாவின் கீழ்ப் பெரிதாகக் கீறித் தசைகளைப் பிளக்க வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையும் இதுவே வழமை. அத்தழும்பு செல்வந்தனுக்குச் சில வார ஓய்வு. மூட்டை சுமப்பவனுக்கோ பல வாரக் கூலி இழப்பு.

உடலை வெட்டாமல் உள்ளே நுழைவதற்கு முதலில் வெளிச்சம் தேவைப்பட்டது. அதனைத் தந்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர், இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் வறிய குடும்பத்திற் பிறந்து உதவிப்பணத்தாற் படித்த ஹரோல்ட் ஹொப்கின்ஸ். மற்றவர், பஞ்சாபின் மோகாவிற் பிறந்து இலண்டனில் அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த நரிந்தர் சிங் கபானி. மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியாக உருவத்தை வளைத்துக் கொண்டுசெல்லலாம் என்பதை இருவரும் 1954இல் வெளிப்படுத்தினர். 1964இல் அமெரிக்க வைத்தியர் மார்ஷல், இழைகளாலான நோக்குகருவியைச் சிறுநீர்க்குழாயினுள்ளே செலுத்திப் பார்த்தார். 1980 அளவில், சிறுநீரகம் வரை எட்டும் நீண்ட கருவி ஸ்பெயினில் உருவாயிற்று. பின்னர் லேசர் ஒளி வந்து சேர, கண்ட கல்லைக் கண்டவிடத்திலேயே துகளாக்க முடிந்தது. இதற்கிடையில், 1976இல் சுவீடன் நாட்டு வைத்தியர்கள் முதுகிலே சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுத்துக்காட்டினர்.

இன்னொரு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மேற்கு ஜேர்மனியின் டோர்னியர் விமானக் கம்பனி, அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதும்போது விளையும் அதிர்வலைகளை ஆராய்ந்தது. அவ்வலைகள் உடலின் மென்மையான பகுதிகளைப் பெரிதும் ஊறுபடுத்தாமற் கடந்து கல்லைத் தகர்க்கும் என்பது புலனாயிற்று. அரசாங்க நிதியுதவியோடு தொடர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, 1980 பெப்ரவரி 7ஆம் தேதி மியூனிக் நகரில், நீர்த்தொட்டியில் அமர்த்தப்பட்ட நோயாளியின் சிறுநீரகக் கல் உடலுக்கு வெளியேயிருந்து உடைக்கப்பட்டது. பறக்கும் போர்க்கருவிக்காகத் தேடிய அறிவு, மனிதனின் வலியைத் தீர்க்க வந்த அரிய நிகழ்ச்சி இது.

ஆகவே இன்று வைத்தியர் முன் பல வழிகள் உள. ஐந்து மில்லிமீற்றருக்கு உட்பட்ட கற்களுட் பெரும்பாலானவை வலிநீக்கியின் துணையோடு தாமே வெளியேறும். வெளியேறாதவற்றை அதிர்வலையால் உடைக்கலாம்; நோக்குகருவியும் லேசரும் கொண்டு துகளாக்கலாம்; பெரிதாகி இறுகியவற்றை வயிற்றிலோ முதுகிலோ இட்ட சிறு துளை வழியாக எடுக்கலாம். அடைப்போடு காய்ச்சலும் கண்டால் அது உயிராபத்து, தாமதிக்கலாகாது. இவை அனைத்துக்கும் முந்தியது போதிய நீர் அருந்துதல். ஆனால் வெயிலில் உழைப்போருக்கும், மலசலகூடம் செல்லும் நேரத்தைக்கூட மேற்பார்வையாளர் கணக்கிடும் தொழிலாளருக்கும் இந்த எளிய மருந்தே எட்டாக்கனி அன்றோ!

கட்டணமில்லா அரச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு. வத்தளையிற் கூலிக்கு உழைக்கும் ஒருவர் ராகமையிலோ கொழும்பிலோ உள்ள அரச வைத்தியசாலையின் வாசலை நம்பிக்கையோடு மிதிக்க முடிவது அதனாலேதான். எனினும் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, மருந்தின்மையாற் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்ததை நாம் மறக்கலாகாது. கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், அதனை இயக்கும் மருந்தும் மின்சாரமும் பயிற்சியும் பொதுப் பணத்தாலன்றி ஏழைக்குக் கிட்டா.

இன்னுமொன்று உண்டு. கல்லை எடுத்தபின் வீக்கத்தால் வழி அடையாதிருக்க, இரு நுனியும் வளைந்த மெல்லிய குழலொன்றைச் சிறுநீர்க்குழாயில் வைப்பது வழக்கம். அதைக் குறித்த காலத்தில் அகற்றாவிடின், அக்குழலின்மீதே புதிய கல் படியும். என் மாணவன் ஒருவனின் தந்தை தம்முள் அத்தகைய குழல் இருப்பதையே அறியாதிருந்தார். திரும்பி வரவேண்டிய நாள் அவர் வாசிக்கமுடியாத மொழியில் எழுதப்பட்டிருந்தது. மகன் தற்செயலாக அத்துண்டை என்னிடம் காட்டியபோது அந்நாள் கழிந்து ஐந்து மாதங்களாகியிருந்தன. நுண்ணிய கருவியால் ஒரு மணி நேரத்தில் முடிந்த வைத்தியம், தமிழில் எழுதப்படாத ஒரு வரியினாற் பழுதாயிற்று.

இதே நாட்டில், 1848இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சத்திர வைத்திய நூலொன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் அச்சேறியது. மதம் பரப்ப வந்தவர் அவர் என்பது உண்மையே. ஆயினும் நோயைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும் என்பதை அவர் செயலாற் காட்டினார். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்ட பின்னரும், ஒரு வைத்தியத் துண்டு தமிழில் வருவது தற்செயலாக இருப்பது முறையா?

காயம் சிறுக்கச் சிறுக்க, அதனைச் சூழ நிற்கும் சமுதாய ஏற்பாடு பெருக வேண்டும். கீறலிட்ட காலத்தில் நோயாளி வைத்தியசாலையிலேயே கிடந்தான். இன்று மறுநாளே வீடு திரும்புகிறான். அவனோடு விளக்கமும், திரும்பி வருவதற்கான விடுமுறையும், அவ்விடுமுறைக்குச் சம்பளமும் செல்ல வேண்டும். லெஸ்ரர் சேரிச் சிறுவனும் மோகாவின் மாணவனும் பல நாட்டு மக்களின் வரிப்பணமும் சேர்ந்து படைத்த அறிவு இது. அதனை உழைக்கும் மக்களின் உடைமையாக்கும் பணியில் ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு: நம் பிள்ளைகளின் வீடுகளிற் கிடக்கும் மருத்துவத் துண்டுகளை வாங்கிப் படித்துப் பொருள் சொல்வோம்; அவற்றைத் தமிழில் எழுதித் தருமாறு உரியவரிடம் கூட்டாகக் கேட்போம்.