கார் லிஃப்டின் கதை

கார் வந்த புதிதில் அதன் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்க, மெக்கானிக்குகள் தரையில் தோண்டிய குழிக்குள் இறங்கினார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தேங்கிவிடும். ஒரு தீப்பொறி போதும், குழியே பற்றிக்கொள்ளும்!

இதற்கு மாற்றாக அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்பவர் 1925-இல் ஹைட்ராலிக் கார் லிஃப்டைக் கொண்டுவந்தார். முடிதிருத்தும் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம்.

பின்னாளில் தரையைத் தோண்டாமல் பொருத்தும் தூண் லிஃப்டுகள் வந்தன. வீட்டு கராஜுக்குள் லிஃப்ட் நுழைந்தது அப்படித்தான். இரண்டு தூண் லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும், பிரேக் வேலைக்கு வசதி. ஆனால் தூண் சாயாமல் பிடித்திருப்பது கான்கிரீட்டில் இறக்கிய போல்ட்டுகள்தான். தளம் மெலிந்திருந்தால் ஆபத்து. நான்கு தூண் லிஃப்டில் கார் சக்கரங்களின் மேலேயே நிற்கும், கீழே இன்னொரு காரை நிறுத்தலாம்.

எதுவானாலும், தூக்கிய காரை இரும்புப் பூட்டின் மேல் இறக்கி நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும். எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் பூட்டு தாங்கும். குழி போய்விட்டது, கவனம் போய்விடக் கூடாது.