அமெரிக்க உள்நாட்டுப் போர்: 1861-இல் இரு தரப்பின் வளங்களும் போர்த்திட்டங்களும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரல் 12 அன்று தொடங்கியது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையைத் தெற்கின் பீரங்கிகள் அன்று விடியற்காலையில் தாக்கின. ஒரு பக்கம் ஆபிரகாம் லிங்கன் தலைமையிலான ஒன்றிய அரசு. மறுபக்கம், அடிமைமுறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று சொல்லிப் பிரிந்துபோய், ஜெபர்சன் டேவிஸைத் தலைவராக வைத்துக்கொண்ட தென் மாநிலங்களின் கூட்டமைப்பு. முதலில் ஏழு மாநிலங்கள் பிரிந்தன. சம்டருக்குப் பிறகு லிங்கன் 75,000 வீரர்களைத் திரட்ட அழைப்பு விடுத்ததும் வர்ஜீனியா, ஆர்கன்சா, டென்னஸி, வட கரோலினா ஆகியவையும் சேர்ந்து 11 ஆயின. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கும் அடிமைமுறை நிலவிய மாநிலங்கள்தான். ஆனாலும் அவை ஒன்றியத்தை விட்டுப் போகவில்லை. அவை போயிருந்தால் கீழே வரும் கணக்கு பெரிதும் மாறியிருக்கும்.

ஆட்கள்

1860 குடிக்கணக்கின்படி ஒன்றியத்தில் தங்கிய மாநிலங்களின் மக்கள்தொகை சுமார் 2.2 கோடி. கூட்டமைப்பில் சுமார் 90 லட்சம். இந்த 90 லட்சத்தில் ஏறக்குறைய 35 லட்சம் பேர் அடிமைகள். பாடநூல்கள் பலவும் அவர்களைக் கழித்துவிட்டு, 2.2 கோடிக்கு எதிரே 55 லட்சம் வெள்ளையர் என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. இந்தக் கழித்தல் சரியல்ல. 1861-இல் அந்த 35 லட்சம் பேர் தெற்கின் மிகப் பெரிய போர்வளம். வயலில் உழுததும், கோட்டைக்கு மண் சுமந்ததும், ரயில் பாதை போட்டதும், உப்பும் இரும்பும் எடுத்ததும் அவர்கள்தான். அவர்கள் உழைத்ததால்தான் போர் வயதிலிருந்த வெள்ளை ஆண்களில் நான்கில் மூன்று பங்கைத் தெற்கால் படைக்கு அனுப்ப முடிந்தது. பண்ணையிலும் ஆலையிலும் ஆள் தேவைப்பட்ட வடக்கால் அந்த விகிதத்தை எட்ட முடியவில்லை. ஆனால் இந்த வளம் தானாக முடிவெடுக்கக்கூடிய வளம். போர் தொடங்கி ஆறு வாரத்துக்குள்ளேயே அது தெரியவந்தது.

நிரந்தரப் படை என்று பார்த்தால் இரு தரப்பிடமும் ஏதுமில்லை எனலாம். ஒன்றியத்தின் ராணுவத்தில் சுமார் 16,000 பேர் இருந்தனர். அவர்களிலும் பெரும்பாலோர் மேற்கே எல்லைக் காவல் முகாம்களில் சிதறிக் கிடந்தனர். அதிகாரிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் விலகித் தெற்கே போய்விட்டார்கள். பின்னர் தெற்கின் முதன்மைத் தளபதியான ராபர்ட் லீ அவர்களில் ஒருவர். டேவிஸ் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் சண்டையிட்டவர், போர்த்துறை அமைச்சராகவும் இருந்தவர். லிங்கனுக்கு இருந்தது 1832-இல் சுமார் மூன்று மாதங்கள் ஊர்க்காவல் படையில் இருந்த அனுபவம் மட்டுமே. முதல் இரண்டு ஆண்டுகளில் கிழக்குப் போர்முனையில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்தது.

இரும்பு, ரயில், வெடியுப்பு

தொழில்வளத்தில் இரு தரப்புக்கும் ஒப்பீடே கிடையாது. நாட்டின் துப்பாக்கிகளில் பெரும்பகுதியை வடக்கே செய்தது. துணி, செருப்பு, இரும்பு எல்லாவற்றிலும் அதே நிலைமைதான். ஏறத்தாழ 50,000 கி.மீ. ரயில் பாதையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வடக்கில் இருந்தது. தெற்கின் பாதைகள் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகப் போடப்பட்டவை. அகலம் இடத்துக்கு இடம் மாறியது. பல ஊர்களில் ஒரு கம்பெனியின் பாதை இன்னொன்றின் பாதையோடு சேரவே இல்லை. சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, ஊரின் மறுகோடிக்குக் கொண்டுபோய் மீண்டும் ரயிலில் ஏற்ற வேண்டும். தேய்ந்த தண்டவாளத்தை மாற்றவும் ஆலை இல்லை.

ஆனாலும் ரயிலைப் போர்க்களத்தில் முதலில் திறமையாகப் பயன்படுத்தியது தெற்குதான். 1861 ஜூலை 21-இல் புல் ரன் போரில் ஷெனான்டோவா பள்ளத்தாக்கிலிருந்து தெற்கின் தளபதி ஜோசப் ஜான்ஸ்டனின் படை ரயிலில் வந்து சேர்ந்ததால்தான் வடக்குப் படை தோற்றது. வடக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1862 ஜனவரியில் ரயில்வேக்களை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் காங்கிரஸ் அதிபருக்கு வழங்கியது. 1863 இலையுதிர் காலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களைச் சுமார் 1,900 கி.மீ. தூரம் கடந்து சட்டனூகா பகுதிக்குப் பன்னிரண்டு நாட்களுக்குள் வடக்கு கொண்டு சேர்த்தது. அதே காலத்தில் டேவிஸின் அரசு தனியார் ரயில் கம்பெனிகளோடு கட்டணத்துக்கும் முன்னுரிமைக்கும் வாதாடிக்கொண்டிருந்தது.

தெற்கைக் கைகட்டி நின்ற விவசாய நாடு என்று நினைப்பது தவறு. தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் இருந்த டிரெடகர் இரும்பாலை கனரக பீரங்கி வார்த்தது. அங்கும் அடிமைகள் வேலை செய்தார்கள். 1861 ஏப்ரலில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையின் இயந்திரங்களும், நார்ஃபக்கில் கோஸ்போர்ட் கப்பல் தளத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிகளும் தெற்கின் கைக்கு வந்தன. பென்சில்வேனியாவில் பிறந்த ஜொசையா கோர்காஸ், தெற்கின் ஆயுதத்துறைத் தலைவராகி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு துறையையே கட்டி எழுப்பினார். ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அமைந்த வெடிமருந்து ஆலை போர் முடிவதற்குள் 27 லட்சம் பவுண்டு மருந்து செய்தது. கடைசி ஆண்டுவரை தெற்கின் வீரனிடம் தோட்டா இருந்தது. இல்லாமல் போனது ரொட்டியும் செருப்பும். தானியம் விளைந்தது, அதைக் கொண்டுவரத்தான் வழியில்லை. 1863 ஏப்ரல் 2-இல் ரிச்மண்டின் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தார்கள்.

வடக்குக்கும் ஒரு பலவீனம் இருந்தது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு இந்தியாவிலிருந்து, பிரிட்டிஷ் வணிகர் வழியாக வந்தது. 1861 கடைசியில் வடக்கின் வெடிமருந்து ஆலை முதலாளி லாமோட் டு பான்ட் இங்கிலாந்துக்குப் போய்க் கிடைத்த வெடியுப்பையெல்லாம் வாங்கினார். அதே சமயம் ஒன்றியக் கடற்படை டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்துத் தெற்கின் தூதர்கள் இருவரைச் சிறைபிடித்திருந்தது. பிரிட்டன் வெடியுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. தூதர்களை லிங்கன் விடுவித்த பிறகே சரக்கு கிளம்பியது. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தச் சில வாரங்களைக் கவனிப்பதில்லை.

பணம்

இரண்டு அரசுகளும் நோட்டு அச்சடித்தன. வடக்கு 1861-இல் வருமான வரி கொண்டுவந்தது, வங்கியாளர் ஜே குக் மூலம் கடன் பத்திரங்களைச் சாதாரண மக்களுக்கும் விற்றது. தெற்கின் செல்வமோ நிலத்திலும் அடிமைகளிலும் முடங்கியிருந்தது. வரி கட்டுவதை அதன் மாநிலங்களும் விரும்பவில்லை. ஆகவே செலவில் பெரும்பங்கை அச்சடித்த நோட்டிலேயே தெற்கு சமாளித்தது. வடக்கில் போர்க்காலத்தில் விலைவாசி ஏறக்குறைய 80 விழுக்காடு உயர்ந்தது. தெற்கில் அது பல மடங்காகி, நோட்டே மதிப்பிழந்தது.

பருத்தி மீது வைத்த நம்பிக்கை

தெற்கின் போர்த்திட்டத்தில் மிகவும் தவறிப்போன பகுதி இது. பிரிட்டனின் ஆலைகளுக்குத் தேவையான பருத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து போனது. பருத்தியை நிறுத்தினால் ஆலைகள் நிறைந்த லங்காஷயர் பட்டினி கிடக்கும், லண்டன் தலையிட்டு நம்மை அங்கீகரிக்கும் என்று தோட்ட முதலாளிகள் உறுதியாக நம்பினார்கள். எனவே 1861-இல், தெற்கின் துறைமுகங்களை வடக்குக் கடற்படை இட்ட முற்றுகை இன்னும் ஓட்டைச் சல்லடையாக இருந்த காலத்தில், தாங்களே பருத்தியை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். அதை அப்போதே ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்கே ஆயுதக் கடனுக்கு ஈடாக வைத்திருந்தால் தெற்கின் நிதிநிலை வேறாக இருந்திருக்கும். முந்தைய ஆண்டுகளின் நல்ல விளைச்சலால் ஆங்கிலக் கிடங்குகள் நிறைந்திருந்தன. பருத்திப் பஞ்சம் வந்தது 1862-இல்தான். அதற்குள் பிரிட்டன் எகிப்தையும் இந்தியாவையும் நோக்கித் திரும்பிவிட்டது.

1862-இல் இங்கிலாந்து இறக்கிய பருத்தியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. பம்பாயில் செல்வம் குவிந்தது. சென்னை மாகாணத்தில் திருநெல்வேலி, கோயம்புத்தூர் வட்டாரங்களின் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடி வழியாகப் பொதிகள் போயின. 1865-இல் போர் நின்றதும் விலை சரிந்து பம்பாயின் பங்குச் சந்தை நொறுங்கியது. கடன் வாங்கிப் பருத்தி போட்ட விவசாயிகளின் நிலை மோசமானது. மிசிசிப்பி கரையில் நடந்த சண்டைக்குக் கரிசல் காட்டில் விலை கொடுத்த அவர்களைப் பற்றி அமெரிக்கப் போர் நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை.

இரண்டு போர்த்திட்டங்கள்

இரு தரப்பின் இலக்கும் ஒன்றல்ல. தெற்கு வாஷிங்டனைப் பிடிக்க வேண்டியதில்லை. எதிரி களைத்துப் போகும்வரை அழியாமல் நின்றால் போதும். வடக்கோ மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குச் சமமான பரப்பைப் பிடித்து, பிடித்ததைக் காத்து, அங்குள்ளவர்களை மீண்டும் குடிமக்களாக்க வேண்டும். வளத்தில் பல மடங்கு மேலே இருந்தும் வடக்கு நான்கு ஆண்டுகள் திணறியதற்கு முதல் காரணம் இதுவே.

வர்ஜீனியாவில் பிறந்து ஒன்றியத்தின் பக்கமே நின்ற முதிய தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் 1861 மே மாதத்தில் தன் திட்டத்தை எழுதினார். கடற்கரையை முற்றுகையிடு, மிசிசிப்பி ஆற்றின் வழியே கடல்வரை இறங்கித் தெற்கைச் சுற்றி இறுக்கு என்பது அதன் சாரம். பத்திரிகைகள் அதை மலைப்பாம்புத் திட்டம் என்று கேலி செய்து, உடனே ரிச்மண்டைப் பிடிக்கச் சொல்லிக் குரல் எழுப்பின. அவசரத்தின் விளைவு புல் ரன். ஸ்காட் நவம்பரில் ஓய்வு பெற்றார். அவர் சொன்ன வழி தொடர்ந்தது: 1862 பிப்ரவரியில் ஹென்ரி, டோனல்சன் கோட்டைகள், ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், 1863 ஜூலை 4-இல் விக்ஸ்பர்க். சுமார் 90 கப்பல்களோடு, அவற்றிலும் பாதி பயன்படாத நிலையில் தொடங்கிய முற்றுகைக் கடற்படை போரின் முடிவில் 600-ஐத் தாண்டியது.

டேவிஸ் எல்லா எல்லையையும் காக்க விரும்பினார். மாநில ஆளுநர்கள் அவரை வேறு வழியில் போக விடவில்லை. தங்கள் மண்ணை விட்டுப் படை நகர்வதை யாரும் ஏற்கவில்லை. லீ இதற்கு மாறாக வடக்கே நுழைந்து பெரும் வெற்றி ஒன்றை ஈட்டி அங்குள்ள மக்களின் மன உறுதியை உடைக்கப் பார்த்தார். ஆன்டீட்டமிலும் கெட்டிஸ்பர்கிலும் ஈடுசெய்ய முடியாத அளவுக்கு ஆட்களை இழந்தார். ஆயினும் அவர் கருத்து வெறுங்கனவல்ல. 1864 கோடையில் வடக்கு உண்மையிலேயே சோர்ந்திருந்தது. தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று லிங்கனே எண்ணினார். செப்டம்பர் 2-இல் ஒன்றியத் தளபதி ஷெர்மன் அட்லான்டாவைப் பிடித்த பிறகே நிலைமை மாறியது.

பக்கம் மாறிய வளம்

1861 மே மாதம் வர்ஜீனியாவில், தெற்கின் பீரங்கி மேடைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்த மூன்று அடிமைகள் இரவில் படகேறி ஒன்றியத்தின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். உரிமையாளரின் ஆள் வந்து கேட்டபோது தளபதி பெஞ்சமின் பட்லர் திருப்பித் தர மறுத்தார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் உடைமையைப் பறிமுதல் செய்யலாம் என்பது அவர் வாதம். சில நாட்களில் இன்னும் பலர் வந்தனர். போர் முடிவதற்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் இப்படி ஒன்றியப் படைகளை நாடி வந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1862 மே மாதத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, பிளான்டர் என்ற தெற்கின் கப்பலையே தன் குடும்பத்தோடு சார்ல்ஸ்டனிலிருந்து ஓட்டிவந்து ஒப்படைத்தார். லிங்கனின் 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் இப்படித் தப்பி வந்த ஆண்களுக்குப் படையின் கதவைத் திறந்தது. சுமார் 1.8 லட்சம் கறுப்பின வீரர்கள் ஒன்றியத்துக்காகப் போரிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைமுறை நிலவிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவர் வந்தபோதும் தெற்கில் ஒன்று குறைந்தது, வடக்கில் ஒன்று கூடியது.

ஒப்பீட்டின் பிந்தைய வரலாறு

ஒன்றியப் படையிடம் சரணடைந்த மறுநாள், 1865 ஏப்ரல் 10 அன்று, லீ தன் படைக்கு விடுத்த பிரியாவிடை ஆணை, தோல்விக்கு எதிரியின் ஆள்பலத்தையும் வளத்தையும் காரணமாகச் சொன்னது. ஜூபல் ஏர்லி போன்ற முன்னாள் தளபதிகள் இந்த விளக்கத்தைப் பல பத்தாண்டுகள் பரப்பினர். எண்ணிக்கையால் மட்டுமே வீழ்ந்தோம் என்றால், தலைமையின் பிழையையும், போரின் காரணமான அடிமைமுறையையும் பேசத் தேவையில்லை அல்லவா? வளக் கணக்கைப் படிக்கும்போது இந்த உள்நோக்கத்தையும் மனத்தில் வைப்பது அவசியம். 1935-இல் கறுப்பின வரலாற்றாசிரியர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், தோட்டங்களை விட்டு அடிமைகள் வெளியேறியதைப் பொது வேலைநிறுத்தம் என்று விளக்கினார். கல்வியுலகம் அதைப் பொருட்படுத்தப் பல ஆண்டுகள் ஆயின. 1960-களுக்குப் பிறகு வந்த ஆய்வுகள் அடிமைகளின் சொந்தச் செயலை மையத்துக்குக் கொண்டுவந்தன. தெற்கின் அரசோ 1865 மார்ச்சில்தான், தோல்விக்குச் சில வாரங்கள் முன்பு, கறுப்பினத்தவரைத் தன் படையில் சேர்க்கச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்திலும் அவர்களுக்கு விடுதலை உறுதியளிக்கப்படவில்லை.