426 கிலோ உடம்பு, 3,180 கிலோ எரிபொருள்
இன்னைக்கு ஒரு எடைக் கணக்கு. நடுவுல எரிபொருள் நிரப்பாம உலகத்தைச் சுத்தணும். அதுக்குத்தான் பர்ட் ரூட்டன் வாயேஜர் விமானத்தை வடிவமைச்சார். கலிஃபோர்னியாவோட மொஹாவியில ஒரு சின்னக் குழு, தன்னார்வலர்கள் உதவியோட அதைக் கட்டுச்சு.

தேவைப்பட்ட எரிபொருள் சுமார் 3,180 கிலோ. விமானத்தோட எடை கூடக் கூட, அதைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் இல்லையா? அதனால எஞ்சின் சேர்க்காத கட்டமைப்பை 426 கிலோவுக்குள்ள முடிச்சாங்க.

1986 டிசம்பர் 14. எரிபொருள் பாரத்துல இறக்கைகள் வளைஞ்சு, நுனிகள் ஓடுபாதையில உரசித் தேஞ்சன. சுமார் 4,300 மீட்டர் ஓடித்தான் விமானம் எழும்புச்சு.

ஒன்பது நாள் கழிச்சு டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் தரையிறங்கினப்போ, மிச்சம் சுமார் 48 கிலோ எரிபொருள். கட்டும்போது ‘கொஞ்சம்தானே’ன்னு விட்டிருந்தா, திரும்பி வந்திருப்பாங்களான்னு சந்தேகம்தான்.