சனிப்பெயர்ச்சிக்கு ஏன் இரண்டு தேதி? பஞ்சாங்கத்தில் அறிவியலும் நம்பிக்கையும் சேரும் இடமும் பிரியும் இடமும்

2023-ல் சனி பகவான் மகரத்தை விட்டுக் கும்ப ராசிக்கு இரண்டு முறை போனார். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. நடுவில் 11 மாதம். காரைக்காலை அடுத்த திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், அங்கே பெயர்ச்சி விழா நடந்தது டிசம்பரில்தான். 2025-லும் இதே கதை. மார்ச் 29-ல் மீன ராசிக்குப் பெயர்ச்சி என்று யூடியூப் முழுக்கப் பலன் ஓடிக்கொண்டிருக்க, எங்கள் கணக்கில் அது 2026-ல்தான் என்று கோயில் தரப்பு விளக்கம் தர வேண்டியதாயிற்று.

வானத்தில் இருப்பது ஒரே ஒரு சனி. அப்புறம் எப்படி இரண்டு தேதி?

அறிவியலும் மத நம்பிக்கையும் ஒத்துப்போகுமா என்று பேச ஆரம்பித்தால், கடவுள் உண்டா இல்லையா என்ற இடத்தில் போய் நின்றுவிடுகிறோம். அந்தப் பேச்சு இப்போதைக்கு முடியாது. ஆனால் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டால், இரண்டும் எங்கே கைகோக்கின்றன, எங்கே முறைத்துக்கொள்கின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வாக்கியம் என்றால் என்ன?

சந்திரன் ஒவ்வொரு நாளும் எங்கே இருக்கும் என்பதை எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்துவைத்து, 248 சிறு வாக்கியங்களாக மனப்பாடம் செய்துவைத்தார்கள். வரருசி செய்தது என்பது மரபு. கருவி வேண்டாம், பெரிய கணக்கு வேண்டாம். வாக்கியத்தைச் சொன்னாலே விடை வந்துவிடும். இன்றைக்குப் பார்த்தாலும் அசரவைக்கும் வேலை அது.

சிக்கல் என்னவென்றால், எந்தக் கணக்கிலும் சின்னப் பிழை இருக்கும். திருத்தாமல் விட்டால் நூற்றாண்டுகளில் அது சேர்ந்துகொண்டே போகும். சனி ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 29.5 ஆண்டு, ஒரு ராசியைக் கடக்க சுமார் இரண்டரை ஆண்டு ஆகிறது. இவ்வளவு மெதுவாக நகரும் கிரகத்துக்குச் சில பாகை பிசகினால் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சந்திரன் வேகமாக ஓடுவதால் அங்கே பிசகு சில மணி நேரம்தான். ஆனால் அதுவும் சின்ன விஷயம் இல்லை. திதி முடியும் நேரம் மாறினால், அப்பாவுக்குத் திவசம் கொடுப்பது இன்றைக்கா நாளைக்கா என்பதே மாறிவிடும். அண்ணன் ஒரு நாள், தம்பி மறுநாள் என்று கொடுக்கும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

திருக்கணிதம், வானில் பார்த்த நிலையை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும் முறை. அதில் உள்ள ‘திரு’ மரியாதைத் திரு அல்ல. ‘த்ருக்’, அதாவது பார்வை. இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. கேரளத்தைச் சேர்ந்த பரமேஸ்வரர், பல ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்துப் பழைய கணக்கைத் திருத்தி ‘த்ருக்கணிதம்’ எழுதியது 1431-ல். 19-ம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவரே த்ருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். ஒரே மனிதர், இரண்டு வேலை. அவர் காலத்தில் பஞ்சாங்கத்தைத் திருத்துவது மரபுக்குத் துரோகம் என்று சொன்னவர்களும் இருக்கவே செய்தார்கள்.

கிரகணம் என்று வந்தால் மட்டும் இந்தச் சண்டை அடங்கிவிடுகிறது. வாக்கியக்காரர்களில் பலரும் அதற்குத் திருக்கணித நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு வழியில்லை. கிரகணம் எப்போது பிடிக்கிறது என்பதை ஊரே மொட்டை மாடியில் நின்று பார்த்துவிடும்.

உத்தராயணம் எப்போது?

திருக்கணிதக்காரர்களும் அசைய மறுக்கும் இடம் ஒன்று உண்டு. சூரியன் வடக்கே திரும்பத் தொடங்குவது டிசம்பர் 21 அல்லது 22. நாம் உத்தராயணம் தொடங்குவதாகக் கொண்டாடும் மகர சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால், விண்மீன்களை வைத்து எண்ணும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடம் ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சேர்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. இப்போது நாம் 15-ஐத் தொட்டுவிட்டோம்.

இதைச் சரிசெய்யத்தான் 1952-ல் இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் மத்திய அரசு குழு அமைத்தது. அப்போது நாட்டில் சுமார் 30 வகை நாட்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. பண்டிகைகளை ஒரேயடியாக 23 நாள் முன்னால் இழுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள் என்று குழுவுக்குத் தெரியும். அதனால், இருக்கும் இடைவெளி இருக்கட்டும், இனிமேல் அது கூடாமல் நிறுத்துவோம் என்று நடுவழி சொன்னது. அரசு அலுவல்களுக்கான தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க சாஹா இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். பண்டிகைகள் விஷயத்தில் அந்த நடுவழி எடுபடவில்லை. சங்கராந்தி இன்றும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே சிக்கல் ஈஸ்டருக்கு வந்தது. 1582-ல் போப் 13-ம் கிரிகோரி அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்து 10 நாளை வெட்டினார். கணக்குக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார். அந்தத் திருத்தத்தை ஏற்காத ரஷ்யத் திருச்சபை இன்றும் கிறிஸ்துமஸை ஜனவரி 7-ல் கொண்டாடுகிறது. கணக்கு யாருக்கும் புரியாமல் இல்லை. யார் சொல்லித் திருத்துவது என்பதில்தான் தகராறு. ரோமில் உத்தரவு போட ஒருவர் இருந்தார். நம்மூரில் மடத்துக்கு மடம், கோயிலுக்குக் கோயில், வீட்டுக்கு வீடு தனி வழக்கம்.

சரி, எது சரி?

ராசிக்கு எல்லை போட்டது மனிதர்கள். ஆனால் சனி எந்த விண்மீன்களுக்கு அருகே நிற்கிறது என்பது மனிதர் முடிவு செய்வதல்ல; அதில் திருக்கணிதம்தான் வானத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அறிவியல் துணை வருவது அதுவரைதான். சனி எங்கே இருக்கிறது என்று சொல்லும் வானியலில், அது உங்கள் வேலையையோ கல்யாணத்தையோ தடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தேதி துல்லியமாக இருப்பதாலேயே பலனும் துல்லியம் என்று விற்பவர்களிடம் பணம் கட்டும்முன் இந்த வித்தியாசத்தை யோசித்துக்கொள்வது நல்லது.

திவசத்துக்கு வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றினார்களோ அதையே தொடர்வது வழக்கம். அண்ணன் தம்பி பேசி ஒன்றை முடிவு செய்துகொண்டால் போதும். திருநள்ளாறு போவதாக இருந்தால் செல்போன் ஆப் காட்டும் தேதியை நம்பி டிக்கெட் போடாமல், கோயில் நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.