அடையாள அட்டைச் சட்டங்களும் கேட்கும் அதிகாரத்தின் எல்லையும்

கட்டாய அடையாள அட்டை பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது: ஒரு நாட்டில் அட்டை கட்டாயமா, இல்லையா? கட்டாயம் என்றால் கெடுபிடி மிகுதி, கட்டாயமில்லை என்றால் சுதந்திரம் மிகுதி என்று பலரும் எளிதில் முடிவு கட்டுகிறார்கள். நடைமுறை இந்த முடிவுக்கு இடம் தரவில்லை. சட்டம் குடிமக்கள்மீது சுமத்தக்கூடிய கடமைகள் மூன்று: அட்டையைப் பெற்று வைத்திருத்தல், வெளியில் செல்லும்போது உடன் கொண்டுசெல்லுதல், அதிகாரி கேட்டால் காட்டுதல். இவற்றுள் மூன்றாவது கடமையின் எல்லை எங்கே வகுக்கப்படுகிறது என்பதே அச்சட்டத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜெர்மனியும் பிரான்ஸும்

ஜெர்மனியில் 16 வயது நிறைந்த குடிமக்கள் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ வைத்திருந்தாக வேண்டும். ஆனால் அதை எப்போதும் கையோடு எடுத்துச் செல்லும் பொதுவான கடமை எதுவும் இல்லை. அட்டை வீட்டில் இருக்கலாம்.

பிரான்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டாம் உலகப் போர்க்கால விஷி அரசு 1940 அக்டோபரில் அட்டையைக் கட்டாயமாக்கியது. 1942 டிசம்பரில் யூதர்களின் அட்டைகளில் ‘யூதர்’ என்று முத்திரை குத்தவும் சட்டம் செய்தது. போருக்குப் பின், 1955இல் வந்த தேசிய அட்டை விருப்பத்துக்கு விடப்பட்டது, இன்றும் அப்படியே. எனினும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 78-2ஆம் பிரிவு தெருவில் அடையாளம் கேட்கும் விரிந்த அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தருகிறது. அடையாளத்தை நிறுவ முடியாதவரை 4 மணி நேரம் வரை தடுத்துவைக்கலாம். கறுப்பர் அல்லது அரபியர் எனக் கருதப்படும் இளைஞர்கள் நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம் என்று அந்நாட்டின் உரிமைப் பாதுகாவலர் அலுவலகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே, தோற்றத்தை வைத்து நடத்தும் சோதனை அரசின் கடுமையான தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் சோதிக்கப்பட்டவர் கையில் அதற்கான எந்தச் சீட்டும் தரப்படுவதில்லை. ஒரே வாரத்தில் பலமுறை நிறுத்தப்பட்டவர், தாம் நிறுத்தப்பட்டதையே எதைக் காட்டி நிறுவுவார்? அட்டை கட்டாயமில்லாத நாட்டில், கேட்பவரின் அதிகாரம் பதிவின்றி இயங்குகிறது.

பிரிட்டன்: நோக்கம் முடிந்த பின்னும் நீடித்த சட்டம்

1939ஆம் ஆண்டுத் தேசியப் பதிவுச் சட்டம் போர்க்காலத் தேவைக்காக வந்தது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகளான பின்னும் அது நடப்பில் இருந்தது. 1950 டிசம்பரில் வடக்கு லண்டனில் கார் ஓட்டிச் சென்ற கிளாரன்ஸ் வில்காக்கைக் காவலர் நிறுத்தி அட்டையைக் கேட்டார். வில்காக் மறுத்தார், வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. சட்டம் அமலில் இருந்ததால் தண்டனைத் தீர்ப்பை நீதிமன்றம் மாற்றவில்லை. ஆனால் ஒரு நோக்கத்துக்காக இயற்றிய சட்டத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது நேர்மையான குடிமக்களைக் குற்றவாளிகளாக்கி, காவல்துறைமீது அவர்களுக்குள்ள நல்லெண்ணத்தையும் கெடுக்கும் என்று தலைமை நீதிபதி கோடார்டு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டை முறை கைவிடப்பட்டது. வழக்கமாகிவிட்ட கேள்வியே இங்கே சட்டத்தைச் சாய்த்தது.

இலங்கை: கடமையை நிறைவேற்றியும் காப்பில்லை

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. பழைய அட்டையில் பெயரோடு பிறந்த இடமும் முகவரியும் இருந்தன. இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்தன. பெண்களுக்கு அந்த மூன்றிலக்க எண்ணோடு 500 கூட்டப்பட்டது. நிர்வாக வசதிக்காகப் பதிந்த இத்தகவல்களை உள்நாட்டு யுத்த காலச் சோதனைச் சாவடியில் இன்னொரு கண் படித்தது. பெயரும் பிறந்த ஊரும் ஒருவரைத் தமிழர் என்றும் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர் என்றும் காட்டிக்கொடுத்தன. அட்டை இல்லாவிட்டால் கைது, இருந்தாலும் விசாரணை.

2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தன்னை நிறுவும் கடமையை மட்டும் குடிமக்கள்மீது சுமத்தி, ‘எதற்காகக் கேட்கிறாய்?’ என்ற எதிர்க்கேள்விக்கு இடம் தராத முறை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுபுறம், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அட்டை பெற முடியாமல் தவித்த மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், அட்டை என்பது உரிமைக்கான வாசலும்கூட என்பதை உணர்த்துகிறார்கள்.

வகுக்க வேண்டிய வரம்புகள்

ஆகவே அட்டையே கூடாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு அன்று. வாக்களிக்க, கணக்குத் தொடங்க, ஓய்வூதியம் பெற அட்டை துணை செய்கிறது. அதை எளிதாகவும் அனைவருக்கும் வழங்குவது அரசின் கடன். ஆனால் காட்டும் கடமைக்கு இணையாகக் கேட்பவருக்கும் மூன்று கடமைகளைச் சட்டம் விதிக்க வேண்டும். காரணம் சொல்வது முதலாவது: நெதர்லாந்தில் 2005 முதல் 14 வயது நிறைந்தவர்கள் அதிகாரி கேட்டால் அடையாளம் காட்ட வேண்டும், ஆனால் தன் பணிக்கு நியாயமாகத் தேவைப்படும்போதுதான் காவலர் கேட்கலாம். சோதனையை எழுத்தில் பதிந்து சோதிக்கப்பட்டவருக்கும் ஒரு படி தருவது இரண்டாவது. பெற்ற தகவலை வேறு நோக்கத்துக்குத் திருப்பாதிருப்பது மூன்றாவது. இவை வெறும் சுற்றறிக்கையாக நில்லாமல், மீறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைக்கும் சட்டப் பிரிவுகளாக வேண்டும். இவை இல்லாத இடத்தில் அட்டை கட்டாயமா என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும், சாவடியில் நிற்பவரின் நிலை மாறப்போவதில்லை.