நினைவூட்டு ஊசி

பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு: ரப்பேல். முதல் தடுப்பூசிக்குப் பிறகு சில காலம் கழித்துப் போடும் அடுத்த ஊசிக்கு அந்த மொழியில் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் பூஸ்டர் என்கிறார்கள். அதில் உந்தித் தள்ளுகிற தொனி இருக்கிறது. ரப்பேல் என்றால் திரும்பக் கூப்பிடுவது, நினைவுபடுத்துவது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என்னிடம் சிறுவயதில் ஒரு தடுப்பூசிப் புத்தகம் இருந்தது. அதில் முதல் ஊசிக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் ரப்பேல் என்று அச்சடித்த காலிக் கட்டங்கள் இருக்கும். என் அம்மா அதை வீட்டுப் பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் கட்டம் காலியாக இருக்கிறது என்பது தெரியும். தேதி வந்துவிட்டால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

பிற்பாடு அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் குப்பை கொட்டியபோது அந்தச் சொல்லின் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது. ஒரு கடிதம் முதல் முறை வந்தால் என்ன ஆகும்? உள்வரும் தபால் பதிவேட்டில் எண் போட வேண்டும். எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். புதுக் கோப்பு திறக்க வேண்டும். இரண்டு வாரம் ஓடிவிடும். பதில் போன பிறகு கோப்பு பதிவறைக்குப் போய்த் தூசி படியும். சில மாதம் கழித்து அதே பொருளில் நினைவூட்டு வந்தால் கதையே வேறு. கோப்பு எண் தெரியும், கையாண்ட ஆள் தெரியும், முந்தைய பதிலில் இருந்த ஓட்டை உடைசலும் தெரியும். இரண்டே நாளில், முன்னதைவிட நல்ல பதில் போகும். அதன்பின் அந்தக் கோப்பு எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கும்.

நம் உடம்பின் நோய் எதிர்ப்பு வேலையும் ஏறக்குறைய இதே அலுவலகம்தான். முதல் ஊசிக்கு எதிர்ப்புப் பொருள் உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு அளவு குறையத் தொடங்கும். ஆனால் நினைவுச் செல்கள் என்று சில தங்கிவிடும். அடுத்த ஊசி போகும்போது அவை விழித்துக்கொண்டு வேகமாகவும், கிருமியை இன்னும் இறுக்கிப் பிடிக்கக்கூடியதாகவும் எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும்.

இதையெல்லாம் 2021-இல் கல்லாவியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஓய்வுக்குப் பின் மகள் வீட்டோடு இங்கு வந்துவிட்டேன். படிவம் நிரப்பத் தெரிந்த கிழவர் என்பதால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பலரும் திண்ணைக்கு வருவார்கள். சான்றிதழ் எடுத்துத் தரச் சொல்வார்கள். பார்த்தால் ஒரே ஒரு ஊசி போட்ட சான்றிதழாக இருக்கும். “இரண்டாவது எப்போம்மா?” என்று கேட்டால், “அதான் ஒண்ணு போட்டாச்சே சார், போதாதுங்களா?” என்பார்கள்.

அவர்களை அறியாமை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி. தினக்கூலிக்காரருக்கு அது இரண்டு நாள் சம்பளம். எங்கள் பக்கம் மே, ஜூன், ஜூலை மாதங்கள் மாங்காய்ப் பருவம். தோப்பிலும் மாங்கூழ் ஆலையிலும் அப்போது சம்பாதித்தால்தான் உண்டு. இன்னொரு கூட்டம் ஓசூரிலோ பெங்களூருவிலோ வேலைக்குப் போனவர்கள். அங்கே முதலாளி ஏற்பாட்டில் முதல் ஊசி போட்டிருப்பார்கள். பதிவு செய்த கைப்பேசி எண் மேஸ்திரியுடையதாக இருக்கும். கோவின் தளத்தில் அப்போது ஒரே எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம். ஊரடங்கில் இவர்கள் அத்திப்பள்ளி தாண்டி ஊருக்கு வந்துவிட்டார்கள். இரண்டாம் ஊசி எப்போது என்ற குறுஞ்செய்தி கர்நாடகத்தில் மேஸ்திரியின் பையில் போய் விழுந்தது. நினைவூட்டு சரியாகத்தான் அனுப்பப்பட்டது. முகவரிதான் தவறு. அலுவலகத்தில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன்!

இவற்றோடு பயமும் சேர்ந்துகொண்டது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊரறியத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழுவும் சில மாதம் கழித்து அறிவித்தது. மரணச் செய்தி ஊருக்குள் வந்த வேகத்தில் அந்த அறிவிப்பு வரவில்லை.

பிறகு இடைவெளிக் குழப்பம். ஜனவரி 16-இல் நாடு முழுவதும் தடுப்பூசி தொடங்கியபோது கோவிஷீல்டுக்கு 28 நாள் இடைவெளி என்றார்கள். மார்ச்சில் 6 முதல் 8 வாரம் ஆனது. மே 13-இல் 12 முதல் 16 வாரம். “ஊசி கையிருப்பு இல்லை, அதனால் தேதியைத் தள்ளுகிறார்கள்” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கையிருப்பு குறைவு என்பது பொய்யில்லை. முகாம் வாசலில் அந்த மே மாதம் திரும்பிப் போனவர்கள் பலர். ஆனால் தள்ளிப் போட்டதற்கு அறிவியல் காரணமும் இருந்தது. அந்த ஊசியை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரின் சோதனையில், ஆறு வாரத்துக்குள் இரண்டாவதைப் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு 55 சதவீதம்; 12 வாரமோ அதற்கு மேலோ பொறுத்தவர்களுக்கு 81 சதவீதம். முதல் கடிதத்துக்கே பதில் தயாராகிக்கொண்டிருக்கும்போது நினைவூட்டு அனுப்பினால் எழுத்தருக்கு எரிச்சல்தான் வரும், வேலை நடக்காது. கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். விட்டுவிடக் கூடாது.

ஒரு தடவை போதும் என்ற எண்ணம் பாமரர்களுக்கு மட்டும் வந்ததல்ல. தடுப்பூசியைத் தொடங்கிவைத்த எட்வர்ட் ஜென்னருக்கே வந்தது. 1796-இல் பசு அம்மைப் பாலைக் கீறி வைத்துப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டியவர், அந்தக் காப்பு ஆயுள் முழுக்க நிற்கும் என்று நம்பினார். ஒரு தலைமுறை கழிந்ததும், குழந்தையில் அம்மை குத்திக்கொண்டவர்களுக்குப் பெரிய வயதில் பெரியம்மை வரத் தொடங்கியது. பிரஷ்யா அதைக் கவனித்து, 1834 முதல் படையில் சேரும் ஒவ்வொருவனுக்கும் மறுபடி அம்மை குத்தியது. பிரான்சில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. 1870-இல் இரண்டு நாட்டுக்கும் போர் மூண்டபோது ஐரோப்பாவில் பெரியம்மையும் பரவியது. பிரெஞ்சுப் படையில் அதற்குப் பலியானவர்கள் எதிரிப் படையைப் போலப் பல மடங்கு. எங்கள் பிரெஞ்சு வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் போரின் தோல்விக்குத் தளபதிகளைத்தான் திட்டியிருப்பார்கள். அம்மையைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிரான்ஸ் பாடம் கற்க முப்பது வருஷம் ஆனது. 1902 பிப்ரவரி 15-ஆம் தேதிச் சட்டம் பிறந்த முதல் ஆண்டிலும், பதினோராவது வயதிலும், இருபத்தோராவது வயதிலும் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. என் அம்மா பெட்டியில் பூட்டி வைத்த புத்தகத்தின் காலிக் கட்டங்களுக்குப் பின்னால் இத்தனை பிணங்கள் இருந்தன.

பள்ளியில் பாஸ்டர் பற்றி மட்டும் நிறையச் சொன்னார்கள். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டர் என்ற பையனை அல்சாஸிலிருந்து அவரிடம் கூட்டி வந்தார்கள். பத்துப் பதினோரு நாளில் 13 ஊசி. முதலில் மிகவும் வலு குறைத்த மருந்து, ஒவ்வொரு ஊசிக்கும் வலு கூடிக்கொண்டே போய், கடைசியில் கடுமையான கிருமி. பையன் பிழைத்தான். பாதியில் நிறுத்தியிருந்தால் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. படிக்கட்டில் நடுப்படியில் நின்றுகொண்டு மாடிக்கு வந்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்த மருத்துவம் தென்னிந்தியாவுக்கு 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வழியாக வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பக்கம் குழந்தைகளைப் பயமுறுத்துவார்களே, அந்த ஊசிதான். வலி தாங்காமல் ஏழெட்டோடு ஓடிவந்தவர்கள் கதை ஊருக்கு ஊர் உண்டு.

எங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூரில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை போதும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான், மூன்று தவணை முடித்த நம் குழந்தைகளில் பலருக்கும் எதிர்ப்பு உருவாகவில்லை என்பதை 1970-களிலேயே கண்டு சொன்னார். இன்னும் பல தவணை வேண்டும், ஊர் முழுக்க ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும் என்றார். உடனே யாரும் கேட்டுவிடவில்லை. 1995-இல்தான் நாடு தழுவிய சொட்டு மருந்து நாட்கள் வந்தன. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு சிறுமி. முழுத் தவணை என்பது எத்தனை என்று உடம்புதான் சொல்லும். நமக்குச் சலிப்பாகிவிட்டது என்பதற்காக அது கணக்கை மாற்றிக்கொள்ளாது.

இனி கொரோனாவுக்கு வருகிறேன். டெல்டா வகை வந்தபோது ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் பார்த்த கணக்குப்படி, நம் கோவிஷீல்டு வகை ஊசி ஒன்று மட்டும் போட்டவர்களுக்கு டெல்டா நோய்க்கு எதிரான பாதுகாப்பு 30 சதவீதம். இரண்டும் போட்டவர்களுக்கு 67. ஆனால் இங்கிலாந்துக் கணக்கு கல்லாவித் திண்ணையில் எடுபடாது. “அவங்க உடம்பு வேற சார்” என்பார்கள். அதனால் நான் தமிழ்நாடு காவல்துறைக் கணக்கைச் சொல்வேன்.

சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் எடுத்த கணக்கு அது. நம் மாநிலக் காவலர்கள் 1,17,524 பேர். 2021 மே 14 வரை ஊசியே போடாதவர்கள் 17,059. ஒன்று போட்டவர்கள் 32,792. இரண்டும் போட்டவர்கள் 67,673. ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த அந்த ஒரு மாதத்தில், கொரோனாவில் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் போடாதவர்கள் 20, ஒன்று போட்டவர்கள் 7, இரண்டும் போட்டவர்கள் 4. பழைய எழுத்தர் பழக்கத்தில் நான் இதை லட்சத்துக்கு எத்தனை என்று போட்டுப் பார்த்தேன். போடாதவர்களில் 117. ஒன்று போட்டவர்களில் 21. இரண்டும் போட்டவர்களில் 6. வயதையும் மற்ற நோய்களையும் பிரித்துப் பார்க்காத கணக்கு இது. நுணுக்கம் பார்ப்பவர்கள் குறை சொல்லலாம். ஆனாலும் எல்லோரும் நம் ஊர்ப் பிள்ளைகள், ஒரே வேலை, அதே செக்போஸ்ட், அதே வெயில்.

“ஒண்ணே 117-ஐ 21 ஆக்கிடுச்சே சார், அதுவே போதாதா?” என்று ஒரு டெம்போ ஓட்டுநர் மடக்கினார். நல்ல கேள்வி. நான் சொன்னேன்: “தம்பி, 21-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிற பதினைந்து பேர் வீட்டில் போய் அதைக் கேட்டுப் பார்.” அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முகாமில் வரிசையில் நின்றதைப் பார்த்தேன்.

அந்த முகாம்களையும் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் ஒரே நாளில் மெகா முகாம். இலக்கு 20 லட்சம். போட்டது 28 லட்சத்துக்கு மேல். பிறகு ஒரு வேடிக்கை. ஞாயிறு என்றால் கறிச்சோறு, சிலருக்கு அதோடு ‘மற்றதும்’. ஊசி போட்டால் இரண்டையும் தொடக்கூடாது என்று ஒரு வதந்தி. அதனால் கூட்டம் குறைகிறது என்று அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்லி, முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மக்களைத் திட்டிக்கொண்டிராமல் நாளை மாற்றிய அந்த நிர்வாகம் எனக்குப் பிடித்திருந்தது. நவம்பரில் இரண்டாம் தவணை விட்டவர்களைத் தேடிச் செவிலியர்கள் வீடு வீடாக வந்தார்கள். கையில் பெயர்ப் பட்டியல், குளிர்ப்பெட்டி. மேஸ்திரி எண்ணில் பதிந்தவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நோட்டில் நான் எழுதி வைத்திருந்த பெயர்களைக் கொடுத்தேன். அந்தச் செவிலியப் பெண் திண்ணையிலேயே உட்கார்ந்து படியெடுத்துக்கொண்டு போனார்.

2022-இல் மூன்றாவது வந்தபோது ஊரே அலுத்துவிட்டது. அந்த ஜூலை 15 முதல் 75 நாள் பெரியவர்கள் எல்லோருக்கும் இலவசமாகவே போட்டார்கள். முகாம் நாற்காலிகளில் பாதி காலி. நோயின் வேகம் குறைந்திருந்தது, பயமும் போய்விட்டது. பயம் போனால் ஊசியும் போகும்; ஜென்னர் காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பையனைத் தெருநாய் கடித்தது. இப்போதெல்லாம் தொப்புளுக்குப் போவதில்லை. அரசு மருத்துவமனையில் கையில் தோலுக்குள் போடுகிறார்கள். கடித்து முதல் ஊசி போட்ட நாள், பிறகு 3, 7, 28 ஆகிய நாட்கள். மூன்று முறை போய் வந்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது, பையன் பந்து விளையாடுகிறான். “இனி எதுக்கு சார் இன்னொரு நாள் கூலியை விடணும்?” என்று அவன் அம்மா கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். நான்காவது கட்டம் காலி. தேதியை என் வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்குக் காலை நானே அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.