தகவல் வடிவமைப்பு: ரெடிங் பல்கலைக்கழக இளநிலைப் படிப்பு

தகவல் வடிவமைப்பு என்பது, தேவையான செய்தியைப் படிப்பவர் விரைவில் கண்டுபிடித்து, சரியாகப் புரிந்துகொண்டு, அதன்படி செயல்படும் வகையில் அமைத்துத் தரும் துறை. விண்ணப்பப் படிவம், ரயில் கால அட்டவணை, மருந்துப் பெட்டியில் வரும் விளக்கத்தாள், கட்டண ரசீது, வாக்குச்சீட்டு, பாடநூல் ஆகியவை இதன் களங்கள். விளம்பரம் கண்ணை இழுத்துவிட்டால் வென்றுவிட்டது. படிவத்துக்கு அது போதாது. நிரப்புகிறவர் பிழையில்லாமல் நிரப்பி முடிக்க வேண்டும்.

இதை முதுநிலையில் கற்பிப்போர் பலர். இளநிலையிலேயே முறையாகக் கற்பிக்கும் இடங்கள் குறைவு. கனடாவின் கால்கரி நகரிலுள்ள மவுண்ட் ராயல் பல்கலைக்கழகம் தன் தகவல்தொடர்பு இளநிலைப் பட்டத்தில் இதை ஒரு தனிப் பிரிவாகவே நடத்தியது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டத்தின் பெயரோ ‘கிராஃபிக் கம்யூனிகேஷன்’. பெயரில் ‘தகவல்’ இல்லாவிட்டாலும், இத்துறைக்கு ரெடிங்கைவிடப் பொருத்தமான வீடு சொல்வது கடினம்.

தோற்றம்

அச்சு வரலாற்றாய்வாளர் மைக்கேல் ட்வைமன் 1968இல் அங்கே எழுத்துக்கலை, வரைவழித் தொடர்பு என்ற பட்டப்படிப்பைத் தொடங்கினார். 1974இல் அது தனித்துறையாயிற்று. அழகான நூல்களை மட்டும் அச்சுக்கலை என்று கொண்டாடிய மரபு அவருக்கு ஒத்துவரவில்லை. பயணச்சீட்டு, விலைப்பட்டியல், அறிவிப்பு போன்ற அன்றாடத் தாள்களும் ஆராயத்தக்கவை என்றார். இப்படிப்பட்ட தாள்களைச் சேகரித்த மாரிஸ் ரிக்கர்ட்ஸின் தொகுப்பு இன்று ரெடிங்கில்தான் இருக்கிறது.

1979இல் ட்வைமன் ஓர் அட்டவணையை வெளியிட்டார். மேலிருந்து கீழாக நான்கு வகைக் குறியீடுகள்: சொல்லும் எண்ணும், படமும் சொல்லும் கலந்தது, படம் மட்டும், வரைபடம். இடமிருந்து வலமாக அவற்றை அடுக்கும் ஏழு முறைகள்: தொடர் வரி, பட்டியல், கிளை, கட்டம் என்று போகும். பெருக்கினால் 28 கட்டங்கள். நாம் பள்ளியில் எழுதிப் பழகுவது இவற்றில் ஓரிரு கட்டங்களில்தான் அடங்கும் என்பது மாணவருக்கு அப்போது உறைக்கும். அதே ஆண்டில், ரெடிங்கில் பயின்ற ராப் வாலர் ‘இன்ஃபர்மேஷன் டிசைன் ஜர்னல்’ என்ற ஆய்விதழைத் தொடங்கினார்.

ஐசோடைப்

துறையின் பெருஞ்சொத்து 1971இல் வந்து சேர்ந்தது. சமூகவியலாளர் ஓட்டோ நியூராத் 1925இல் வியன்னாவில் ஓர் அருங்காட்சியகம் நிறுவி, வீட்டுவசதி, நோய், வேலையின்மை பற்றிய புள்ளிவிவரங்களைச் சாதாரண மக்கள் படிக்கும் படங்களாக்கினார். இந்தப் படமுறையே ஐசோடைப். குறிகளை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். அரசியல் நெருக்கடியால் குழு 1934இல் ஹேக் நகருக்குப் பெயர்ந்தது. 1940இல் நியூராத்தும் குழுவில் அவருடன் பணியாற்றிய மேரி ரைடமைஸ்டரும் இங்கிலாந்துக்குத் தப்பினர். 1945இல் நியூராத் இறந்த பிறகு, அவருடைய மனைவியாகியிருந்த மேரி பணியைத் தொடர்ந்தார். ஓய்வுபெற்றபோது முழுத் தொகுப்பையும் ரெடிங்குக்கு அளித்தார்.

ஐசோடைப்பின் முதல் விதி எளியது: அளவு கூடினால் குறியைப் பெரிதாக்காதே, அதே குறியை மறுபடி போடு. குறியின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் கூடிப் பரப்பு நான்கு மடங்காகும், கண் ஏமாந்துவிடும். இந்தப் பிழையை நாளிதழ்ப் படங்களில் இன்றும் காணலாம்.

விதியைவிட முக்கியமானது மேரி வகித்த பொறுப்பு. நிபுணர் தரும் தரவில் எதைச் சொல்வது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று தீர்மானிப்பவரை அக்குழு ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்று அழைத்தது. நிபுணருக்கும் பொதுமக்களுக்கும் நடுவே நிற்கும் இந்த ஆள்தான் இன்றைய தகவல் வடிவமைப்பாளருக்கு முன்னோடி. 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகக் கல்வி, சுகாதாரம், தேர்தல் பற்றிய சிறுநூல்களைத் தயாரித்தபோது மேரி நேரில் சென்று, அங்குள்ள உடைக்கும் வீட்டுக்கும் ஏற்பக் குறிகளை மாற்றினார். உலகப் பொதுமொழி என்று தொடங்கிய முறைக்கும் உள்ளூரைக் கேட்காமல் வேலை நடக்கவில்லை.

பாடமுறை

படிப்பு மூன்றாண்டு. வரலாறு, கோட்பாடு, செய்முறை மூன்றும் சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன. ‘ரியல் ஜாப்ஸ்’ என்ற ஏற்பாட்டில் மாணவர்கள் உண்மையான வாடிக்கையாளர்களிடம் வேலை ஏற்று, வரவு செலவுக்கும் கெடுவுக்கும் கட்டுப்பட்டு முடித்துத் தருகின்றனர்.

பயனரிடம் சோதித்துப் பார்ப்பது இத்துறையின் உயிர்நாடி. அதன் அருமைக்குப் பலரும் காட்டும் உதாரணம் 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், முதியோருக்காக எழுத்தைப் பெரிதாக வைக்க எண்ணி வேட்பாளர் பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் பரப்பினர். துளையிடும் இடங்கள் நடுவே ஒரே வரிசை. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்குரிய துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்து வேட்பாளரான பியூக்கானனுக்கு. அம்மாவட்டத்தில் பியூக்கானனுக்கு விழுந்தவை 3,407 வாக்குகள். மாநிலம் முழுவதிலும் கோரை எதிர்த்த புஷ் வென்ற வித்தியாசம் 537. முதியோர் சிலரை அழைத்து முன்னதாகவே துளையிடச் சொல்லிப் பார்த்திருந்தால் குழப்பம் வெளிப்பட்டிருக்கும்.

மென்பொருள் பயிற்சியை எங்கும் பெறலாம். இத்துறையில் சேர நினைப்பவர்கள் பட்டத்தின் பெயரை நம்பாமல், பாடத்திட்டத்தில் எழுத்துப்பயிற்சியும் பயனர் சோதனையும் எத்தனை பருவங்களுக்கு வருகின்றன என்று விசாரித்துச் சேருங்கள்.